ஊசியின் கணக்கு இரண்டு நாள்தான்

கேள்வி: எங்கள் மின்னிக்கு 13 வயது. கருத்தடை செய்த பெண் பூனை, எடை 5.2 கிலோ. இந்த வாரம் மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் ஒரே நாளில் போட்டோம். அன்று முழுக்க அலமாரிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டாள். மறுநாள் இரண்டு வாய் சாப்பிட்டாள். அதோடு சரி. இன்று ஐந்தாம் நாள். தட்டுக்கு வருகிறாள், முகர்ந்து பார்க்கிறாள், உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறாள். டின் உணவில் உள்ள குழம்பை மட்டும் கொஞ்சம் நக்குகிறாள். தண்ணீர் குடிக்கிறாள். நான் சிரிஞ்சில் உணவைக் கரைத்து வாயில் விடுகிறேன்; இப்போது சிரிஞ்சைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறாள். தண்ணீரில் குளுக்கோஸ் கலந்தும் வைத்துப் பார்த்தேன். "ஊசியே விஷம், இந்த வயதில் ஏன் போட்டீர்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "மிருகங்கள் தானாகவே விரதம் இருந்து உடம்பைச் சரிசெய்துகொள்ளும்" என்கிறாள் என் தோழி. காய்ச்சல் மாத்திரை பாதி கொடுக்கலாமா? அடுத்த தடவை ஊசி போடலாமா, வேண்டாமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டேன்: "ஐந்து நாள் அதிகம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை வேண்டவே வேண்டாம்." இந்நேரம் போய் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு வரிக்கான காரணங்களை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வி பலருக்கும் வருவதுதான். படிக்கிற ஒருவருடைய பூனைக்கு இன்று முதல் நாளாக இருக்கலாம், இன்னொருவருடையதற்கு நான்காம் நாளாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

மின்னி முதல் நாள் அலமாரிக்குள் படுத்ததில் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. தடுப்பூசி என்பது உடம்புக்கு ஒரு போலி எதிரியைக் காட்டிப் பயிற்சி கொடுப்பது. எதிரி போலி என்றாலும் பயிற்சி நிஜம். நோய் எதிர்ப்பு அணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரந்து ரத்தத்தில் விடுகின்றன. அவை மூளைக்குப் போய் உடல் சூட்டைக் கொஞ்சம் ஏற்றுகின்றன, பசியை அடக்குகின்றன, "படுத்துக்கொள்" என்கின்றன. நமக்கு ஊசி போட்ட அன்று இரவு கைகால் வலித்து, சாப்பாடு பிடிக்காமல் போவதும் இதே வேலைதான். பூனையின் இயல்பான உடல் சூடே 38இல் இருந்து 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஊசிக்குப் பின் அதற்கு மேல் அரை டிகிரி ஏறினால்கூட அது மூலையைத் தேடும். பெரும்பாலான பூனைகள் 24 மணி நேரத்தில் எழுந்து வந்துவிடும். சில பூனைகளுக்கு 48 மணி நேரம் பிடிக்கும். மூன்றாம் நாள் காலையிலும் பூனை சரியாகச் சாப்பிடவில்லை என்றால், ஊசியை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. நான் ஊசிக்குக் கொடுக்கும் தவணை அவ்வளவுதான்.

வயதான பூனைக்கு ஊசி அதிகம் ஒத்துக்கொள்ளாது என்று பரவலாக நம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்காவில் 2002 முதல் 2005 வரை தடுப்பூசி போட்ட 4,96,189 பூனைகளின் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு உண்டு. பக்கவிளைவு என்று பதிவானது 10,000 பூனைக்கு ஏறக்குறைய 52 வீதம். அதிலும் அதிகம் தென்பட்டது சோர்வு, காய்ச்சலோடோ காய்ச்சல் இல்லாமலோ. வாய்ப்பு மிகுதியாக இருந்தது கிழட்டுப் பூனைகளுக்கு அல்ல, சுமார் ஒரு வயதுப் பூனைகளுக்கு. ஒரே வருகையில் எத்தனை ஊசி போடுகிறோமோ அதற்கேற்ப வாய்ப்பும் கூடியது. இது உங்களுக்குப் பொருந்தும் விஷயம், பிறகு வருகிறேன். வீட்டிலேயே ஒருநாள் சுருண்டு கிடந்துவிட்டு எழுந்த பூனைகள் இந்தக் கணக்கில் வந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லேசான விளைவுகள் எப்போதுமே பதிவில் குறைவாகத்தான் இருக்கும்.

ஆக, வயதான பூனையின் சிக்கல் ஊசியின் விளைவு பெரிதாக இருப்பதல்ல. சின்ன விளைவைத் தாங்கவும் அதனிடம் கையிருப்பு இல்லை. மூன்று வயதுப் பூனை ஒருநாள் பட்டினி கிடந்தால் மறுநாள் இரண்டு பங்கு தின்று ஈடுகட்டிவிடும். 13 வயதில் சிறுநீரகம், பல், மூட்டு, கல்லீரல் எல்லாமே ஏதோ ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். நமக்குத் தெரியாது, ஏனென்றால் பூனை சொல்லாது. வலியை மறைப்பதில் பூனையை மிஞ்சிய நோயாளியை நான் பார்த்ததில்லை. 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் 90 பூனைகளுக்கு மூட்டிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் இருந்தது. அந்தத் தொண்ணூறில் எத்தனை வீட்டில் "எங்கள் பூனைக்கு மூட்டுவலி" என்று சொல்லியிருப்பார்கள்? "வயசாயிடுச்சு, இப்பல்லாம் குதிக்கிறதில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இங்கேதான் வருகிறது. ஊசி போட்ட அன்று ஊசி மட்டுமா நடந்தது? கூண்டுக்குள் திணித்தீர்கள். வண்டியில் குலுங்கியது. காத்திருக்கும் அறையில் நாய் குரைத்தது. அறிமுகமில்லாத கைகள் வயிற்றை அமுக்கிப் பார்த்தன. பயந்த பூனை அன்று தண்ணீர் குடிக்கவில்லை, மணல்தட்டுக்குப் போகவில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பாதி தேய்ந்த பூனைக்கு அந்த ஒருநாள் நீரிழப்பே குமட்டலைக் கொண்டுவரப் போதும். கிரியாட்டினின் என்கிற ரத்தப் பரிசோதனை எண் ஏறுவதற்குள் சிறுநீரக வேலைத்திறனில் நான்கில் மூன்று பங்கு போயிருக்கும். போன வருடம் "எல்லாம் நார்மல்" என்று வந்த பரிசோதனையை அதனால்தான் நான் முழுதாக நம்புவதில்லை. பனம்பழம் விழத் தயாராகத்தான் இருந்தது. காக்கை அன்று வந்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் தொலைபேசியில் கேட்டார்: ஊசி போட்ட பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "ஊசி போட்டால் அப்படித்தான் ஐயா, இன்னும் ரெண்டு நாள் பாருங்கள்" என்றேன். அவர் மரியாதைக்காரர், சொன்னபடி காத்திருந்தார். இரண்டு நாளுக்குப் பிறகும் நான் வேறு எதுவும் சொல்லாததால் மேலும் காத்திருந்தார். எட்டாம் நாள் கூண்டோடு வந்து நின்றபோது பூனையின் காது மடலின் உட்புறம் மஞ்சளாக இருந்தது. ஆரம்பித்து வைத்தது கன்னப் பல் ஒன்றின் வேரில் இருந்த சீழ். ஆனால் அந்தப் பூனையைப் படுக்கவைத்தது பல் அல்ல, பட்டினி. அதைக் காப்பாற்ற ஐந்து வாரம் ஆனது. அதற்குப் பிறகு "பாருங்கள்" என்ற சொல்லைத் தேதி குறிப்பிடாமல் நான் யாரிடமும் சொல்வதில்லை.

உங்கள் தோழியின் விரதக் கதைக்கு அந்த மஞ்சள் காதுதான் பதில். நாய் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது. மனிதர்கள் விரதம் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரல் அதற்காகப் படைக்கப்பட்டதல்ல. அது முழுக்க முழுக்க மாமிச உண்ணி. வந்தாலும் வராவிட்டாலும் புரதத்தை எரித்துக்கொண்டே இருக்கும்படி அதன் கல்லீரல் அமைந்திருக்கிறது, அடுப்பைச் சிம்மில் வைக்க அதற்குத் தெரியாது. ஆர்ஜினின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் இல்லாத உணவை ஒருவேளை மட்டும் கொடுத்தாலே சில மணி நேரத்தில் பூனையின் ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடுகிறது என்று 1978இலேயே கண்டறிந்தார்கள். சாப்பாடு நின்றதும் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். அதைப் பதப்படுத்தி வெளியே அனுப்பத் தேவையான புரதமும் சத்துகளும் இல்லாததால் கொழுப்பு கல்லீரல் அணுக்களுக்குள்ளேயே தேங்கிவிடும். கொஞ்சம் பருமனான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம், கரைக்கக் கொழுப்பு நிறைய இருக்கிறதே. மின்னியின் 5.2 கிலோ எனக்கு உறுத்தியது அதனால்தான். உடம்பில் சதை இருக்கிறது, சில நாள் தாங்கும் என்று நாம் நினைப்போம். பூனையில் அது தலைகீழ்.

சில பூனைகளுக்கு இது தொடங்க மூன்று நாள்கூடப் போதும். முழுப் பட்டினியாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. தேவையில் பாதிக்கும் குறைவாக ஒரு வாரம், இரண்டு வாரம் தின்றாலும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். "குழம்பை நக்குகிறாள்" என்பதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. 5 கிலோ பூனை சும்மா படுத்துக் கிடக்கவே நாளுக்கு ஏறக்குறைய 235 கிலோகலோரி வேண்டும். குழம்பில் பெரும்பகுதி தண்ணீர்.

இனி, சாப்பிடாததை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் "சாப்பிடவில்லை டாக்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சாப்பிடாததில் பல விதம் உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு உறுப்பைக் காட்டிக்கொடுக்கும்.

தட்டுப் பக்கமே வராமல், கூப்பிட்டாலும் திரும்பாமல் கிடந்தால் காய்ச்சல், பெரிய வலி, அல்லது உடம்பு முழுதையும் பிடித்த ஏதோ ஒன்று. ஊசியின் முதல் நாள் இந்த வகை. தட்டுக்கு வந்து, ஆவலோடு ஒரு வாய் எடுத்து, தலையைச் சாய்த்து மென்று, பாதியில் கீழே போட்டுவிட்டால், அல்லது உலர் உணவைக் கண்டு சீறிவிட்டு மென்மையானதை மட்டும் தேடினால், வாயைப் பாருங்கள். வயதான பூனைகளில் பல்லின் வேரும் ஈற்றோரமும் தானாக அரித்துக் கரையும் நோய் ஒன்று சாதாரணம். வெளியே பார்த்தால் ஈறு கொஞ்சம் மேலேறிப் பல்லை மூடியிருப்பது போலத்தான் தெரியும், உள்ளே நரம்பு திறந்து கிடக்கும். தட்டை நெருங்கி முகர்ந்தும் உணவு இருப்பதே தெரியாதது போல நின்றால் மூக்கு அடைத்திருக்கலாம். பூனைக்கு வாசனைதான் பசி. மூக்கு அடைத்தால் பசியும் அடைத்துக்கொள்ளும். மூக்கில் சொட்டாக விடும் வகைத் தடுப்பூசியானால் சில நாள் தும்மலும் சளியும் வருவதுண்டு. உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் கொண்ட ஊசி மருந்து தோலில் சிந்தி, பூனை அதை நக்கிவிட்டாலும் அப்படி ஆகலாம், நாக்கில் புண்கூட வரலாம். மருத்துவரிடம் எந்த வகை ஊசி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னி செய்வது இவை எதுவும் இல்லை. வருகிறாள், முகர்கிறாள், உதட்டை நக்குகிறாள், போய்விடுகிறாள். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். சாப்பாட்டின் வாசனை வந்ததும் உதட்டை நக்குவதும் வெறும் வாயை விழுங்குவதும் ருசி அல்ல, குமட்டல். அதற்குப் பசி இருக்கிறது, அதனால்தான் வருகிறது. வாசனை பட்டதும் வயிறு புரட்டுகிறது. இந்த நடையைப் பார்த்தால் நான் முதலில் நினைப்பது சிறுநீரகம், கணையம், கல்லீரல் மூன்றையும்தான். ஐந்தாம் நாளில் கல்லீரல் நோயாளியாகவும் இருக்கலாம், நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஊசி எங்கே போட்டார்கள்? தோள்பட்டைகளுக்கு நடுவே போட்டிருந்தால், கழுத்தைக் குனிந்து தரையில் உள்ள தட்டில் வாய் வைப்பதே இரண்டு நாள் வலிக்கலாம். காலில் போட்டிருந்தால், மூட்டுத் தேய்ந்த பூனை அந்தக் காலை ஊன்றி நிற்கத் தயங்கும். தட்டை ஒரு சாண் உயரத்தில், அது படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். சில பூனைகளின் "பசியின்மை" அதிலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்தவற்றில் குளுக்கோஸ் வீண். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது, அந்தச் சுவையை உணரும் மரபணு அதனிடம் செயலிழந்து கிடக்கிறது. நீங்கள் அன்போடு கலந்த தண்ணீர் அதற்கு வெறும் தண்ணீர், ஒருவேளை கொஞ்சம் பிசுபிசுப்பான தண்ணீர்.

சிரிஞ்சை இன்றே நிறுத்துங்கள். அன்பினால்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் குமட்டிக்கொண்டிருக்கும் பூனையின் வாயில் பலவந்தமாக விட்ட உணவை அது அந்தக் குமட்டலோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். நோய் சரியான பிறகும் அந்த உணவைத் தொடாது. இப்போதே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறாள் என்றால் பாடம் ஆரம்பமாகிவிட்டது. திமிறும்போது மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்து வேறு. அதே காரணத்துக்காக, அவளுக்கு மிகப் பிடித்த உணவை இந்த நாட்களில் முன்னால் நீட்டிக்கொண்டே இருக்காதீர்கள், அதை நலமான நாளுக்கு வைத்திருங்கள். மருந்தை உணவில் ஒளித்து வைப்பதும் வேண்டாம்.

முதல் இரண்டு நாளில் இருக்கிற பூனைக்கு என்ன செய்யலாம்? ஈர உணவை உடல் சூட்டுக்கு, அதாவது உங்கள் மணிக்கட்டில் வைத்தால் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருக்கிற அளவுக்குச் சூடாக்குங்கள். ஒரு தேக்கரண்டி போதும். அகலமான, ஆழமில்லாத தட்டில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து "சாப்பிடும்மா சாப்பிடும்மா" என்று கெஞ்சினால் அதற்குப் பயம்தான் கூடும். கால் மணி நேரத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். காய்ந்துபோன உணவு அறையெல்லாம் வாசனை வீசிக்கொண்டு கிடக்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் புதிதாக. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, மீன் கொடுக்கலாம், ஆனால் வெங்காயமோ பூண்டோ, அவற்றின் பொடியோ பட்ட எதுவும் கூடாது. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் குரலை உயர்த்தியே பேசுவேன். நீங்கள் "காய்ச்சல் மாத்திரை" என்று எழுதியது பாராசிட்டமால் என்றால், அது பூனைக்கு நஞ்சு. பாதி, கால் என்ற பேச்சே இல்லை. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பேறிப் போகும். ஈறு சாம்பல் நீலமாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளான இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால், பூனை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடுங்கள், கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது என்பதை நேரத்தோடு சொல்கிறேன். ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தொடர்ந்து வாந்தி, மூச்சு வாங்குதல், முக வீக்கம், முகத்தை அரித்து அரித்துத் தேய்த்தல், தள்ளாடி விழுதல் என்று எது வந்தாலும் அது ஒவ்வாமை. வீட்டில் நிற்க நேரமில்லை. அப்படி எதுவும் இல்லாமல் சோர்வாக மட்டும் இருந்தால் முதல் நாள் விடலாம். வயதான பூனை 24 மணி நேரம் ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்றால் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சிறுநீரக நோயோ சர்க்கரை நோயோ இருந்தால், குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனையானால், அந்த 24 மணி நேரம்கூட வேண்டாம். சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டால் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும், போடுவதற்கு முன் கேளுங்கள். பாதி சாப்பாடு சாப்பிட்டு நடமாடினால் 48 மணி நேரம். மூன்றாம் நாள் காலை, நேரில்.

நேரில் போகும்போது "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் முடிவைச் சொல்லிக்கொண்டே வந்தால் மருத்துவர் காதிலும் அதுவே ஒட்டிக்கொள்ளும், நான் அனுபவப்பட்டவன். நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்லுங்கள், அந்த உதடு நக்குவதை ஒரு காணொளி எடுத்துக்கொண்டு போங்கள். மணல்தட்டில் சிறுநீர்க் கட்டிகள் எத்தனை, வழக்கத்தைவிடப் பெரிதா சிறிதா, மலம் எப்போது கழிந்தது என்பதையும். ஊசிக்கு முந்தைய ஒரு மாதத்தில் எடை, தண்ணீர் குடிப்பது, குதிப்பது ஏதாவது மாறியிருந்ததா என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் கவனித்திருப்பார். பிறகு அதைச் சொல்லத் தோன்றியிருக்காது.

மின்னி வயதில், இந்த நிலையில், வாயைத் திறந்து பார்ப்பது, ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், பொட்டாசியம் உள்ளிட்ட உப்புகள், தைராய்டு, சிறுநீர், ரத்த அழுத்தம் இத்தனையும் பார்க்கச் சொல்வேன். வயிற்று ஸ்கேனும் எடுக்கலாம். குமட்டலை நிறுத்தும் மருந்துதான் முதலில். மாரோபிட்டன்ட் பூனைக்குப் பயன்படுத்துவது. குமட்டலை அடக்காமல் பசி மருந்து கொடுப்பது பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு வண்டியை முடுக்குவது மாதிரி. அதற்குப் பிறகு பசியைத் தூண்டும் மிர்ட்டாசபின். காதின் உட்புறத் தோலில் தடவும் களிம்பாகவே வருகிறது, வாயைத் திறக்கப் போராட வேண்டாம். அளவையும் இடைவெளியையும் சிறுநீரகத்தைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீரிழப்பு இருந்தால் திரவம் ஏற்றுவார்கள்.

மருந்தெல்லாம் கொடுத்தும் ஓரிரு நாளில் தேவையான அளவு தின்னவில்லை என்றால் உணவுக் குழாய் வைக்கலாமா என்று கேட்பார்கள். இதைக் கேட்டதும் பலரும் முகம் வெளுத்து, "கடைசிக் கட்டமா டாக்டர்?" என்பார்கள். இல்லை. கழுத்தின் பக்கவாட்டில் சின்னத் துளை வழியாக உணவுக்குழலுக்குள் போகும் மெல்லிய குழாய். குறுகிய நேர மயக்கத்தில் வைத்துவிடலாம். பூனை அதோடு நடக்கும், தூங்கும், மடியில் ஏறும், விரும்பினால் வாயாலும் சாப்பிடும். மருந்தும் தண்ணீரும் அதன் வழியே போய்விடுவதால் வீட்டில் சண்டையே இருக்காது. கல்லீரலில் கொழுப்பு தேங்கிய பூனைகளில் பெரும்பாலானவை பிழைப்பது இந்தக் குழாயால்தான், அதுவும் சீக்கிரம் வைத்தால். பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே முழு அளவு உணவு ஏற்றக் கூடாது. தேவையில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்துவிடும். ஆர்வத்தில் வேகம் காட்டாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிறேன். அவர் சொல்வது முழுக்க வெறும் பேச்சு என்று தள்ளிவிட மாட்டேன். வயதான பூனைக்கு வருடாவருடம் எல்லா ஊசியும் என்ற வழக்கத்துக்கு இன்று பெரிய ஆதாரம் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும், மற்ற பூனைகளோடு பழகாத, சிறு வயதில் ஊசிகளை முறையாக முடித்த பூனைக்குக் கூட்டுத் தடுப்பூசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பதுதான் உலகச் சிறு விலங்கு மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். 2016இல் வந்த ஓர் ஆய்வு, அடிக்கடி ஊசி போடுவதற்கும் பிற்காலச் சிறுநீரக நோய்க்கும் தொடர்பு தெரிவதாகச் சொன்னது. அதே ஆய்வில் மோசமான பல் நோய்க்கும் அதே தொடர்பு தெரிந்தது. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. ஆனால் தேவைக்கு மேல் போடாமல் இருக்க அது எனக்கு இன்னொரு காரணம். வெறிநோய் ஊசி வேறு கதை. அந்த நோய் வந்தால் பூனையும் பிழைக்காது, கடிபட்ட மனிதரும் உரிய நேரத்தில் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் பிழைக்க மாட்டார். உங்கள் பகுதியின் சட்டம் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று சொல்கிறதோ, ஊசி மருந்தின் உறையில் எத்தனை வருடம் என்று இருக்கிறதோ, அதன்படி.

அதனால் "இனி வேண்டவே வேண்டாம்" என்ற முடிவை இப்போதே எடுக்காதீர்கள். இந்தப் பரிசோதனைகளின் முடிவு வரட்டும். அடுத்த முறை ஊசிக்கு முன் முழுப் பரிசோதனை, அன்று பூனை நலமாக இருந்தால் மட்டும் ஊசி. இரண்டு ஊசியும் தேவைப்பட்டால் ஒரே நாளில் வேண்டாம், மூன்று நான்கு வாரம் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள். இந்த முறை நடந்ததை மருத்துவக் கோப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கூண்டை ஒரு மாதம் முன்பிருந்தே கூடத்தில் திறந்து வையுங்கள், அவள் படுக்கும் துணியைப் போட்டு. அவளாக உள்ளே போய்த் தூங்கட்டும். ரொம்பப் பயப்படும் பூனைக்குப் பயணத்துக்கு முன் கொடுக்கும் மருந்தும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருங்கள். சிறு கட்டி வருவது சகஜம், தானே கரையும். ஆனால் மூன்று மாதம் தாண்டியும் இருந்தால், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால், ஊசி போட்டு ஒரு மாதம் கழித்தும் பெரிதாகிக்கொண்டே போனால், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் வரும் புற்று பூனைகளில் மிக அரிது, பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான். இருந்தாலும் சின்னதாக இருக்கும்போது பிடித்தால்தான் முழுதாக எடுக்க முடியும்.

கடைசியாக ஒரு வேலை. கைக்குழந்தைகளை எடை போடும் தராசு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசில், காலை உணவுக்கு முன் மின்னியை நிறுத்தி, தேதி போட்டுச் சுவர் நாட்காட்டியிலேயே எழுதுங்கள். 5.2 கிலோ பூனை 250 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். அந்த அளவு குறைந்தாலே, நன்றாகச் சாப்பிடுகிற மாதிரி இருந்தாலும், கூட்டிக்கொண்டு போங்கள். முதல் எண்ணாக, இந்த வாரம் மருத்துவமனைத் தராசு காட்டியதை எழுதிக்கொள்ளுங்கள்.